ஈஸ்டுடன் எட்டாண்டுகள்

உருவிற் சிறியனவற்றை எளியன என்றெண்ணி இகழ்தல் உலகத்தார் இயல்பு. ஆயினும் அறிவுநூல் வளர்ந்த வரலாற்றை ஆராயுமிடத்து, மிகச் சிறியனவே மிகப் பெரிய உண்மைகளை மனிதர்க்குப் புகட்டியுள்ளன என்பது புலனாகும். ரொட்டி மாவைப் பொங்கச் செய்வதும், பாளையினின்று இறக்கிய இனிய நீரைக் கள்ளாக மாற்றுவதுமாகிய ஈஸ்டு என்னும் நுண்ணுயிர் அத்தகைய ஆசிரியருள் ஒன்று. இக்கல்லூரியின் பழைய மாணவராகிய யாம் கடந்த எட்டாண்டுகளாக அவ்வாசிரியரிடமே பாடங் கேட்டு வருகின்றோம். “நீவிர் செய்யும் தொழில் யாது? அதனால் விளைவது யாது? நம் மாணவர் அறியுமாறு எழுதுக” என இச்சஞ்சிகையின் ஆசிரியர் எம்மைப் பணித்தனர். அவர் வினவிய இரண்டனுள் முன்னையதற்கு விடை எளிது. பின்னையது அத்துணை எளிதன்று. இரண்டனையும் இயன்றவாறு ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எமது தொழிலுக்குத் தமிழில் மக்கள் வழங்கும் பெயர் ஒன்றில்லை. போஸ்ட்டாக் என்று பிறமொழிப் பெயராலேயே அதனைக் குறிப்பர். பி.எச்டி. பட்டம் பெற்ற பின்னர், பேராசிரியர் ஒருவரது ஆராய்ச்சிச்சாலையில், குறித்த காலத்துக்கு ஒப்பந்தஞ் செய்துகொண்டு ஆராய்ச்சி புரிபவர் இப்பெயர் பெறுவர். அவர் மாணவருமல்லர், ஆசிரியருமல்லர். அவர் பரீட்சை எழுதுவதில்லை. வகுப்பு நடத்துவதும் அரிது. சம்பளம் உண்டு, நிலைத்த உத்தியோகம் இல்லை. விடுமுறையில் ஊர் சென்றிருந்தபோது எம் பெரிய அத்தை, “தம்பி, இன்னும் படித்துக்கொண்டா இருக்கிறாய்?” என்று வினவினார். ஆம் என்பதும் முழு உண்மையன்று; இல்லை என்பதும் முழு உண்மையன்று. “படிப்பு முடிந்துவிட்டது, அத்தை, இப்போது படிப்பதே வேலை” என்றோம். அவர் எம்மை இரக்கத்தோடு நோக்கி, இலையில் இன்னும் ஓர் ஆப்பம் இட்டார். சிறிது கள் விட்டுப் புளிக்கவைத்த மாவில் வார்த்த ஆப்பம் அது. அதனைப் பொங்கச் செய்ததும் எம் ஈஸ்டே என்பதனை அவர்க்கு எடுத்துரைக்க எமக்கு அப்பொழுது வாயில்லை. வாய் நிறைய ஆப்பம் இருந்தது.

நிற்க. ஈஸ்டின் இயல்பினை முதற்கண் கூறுவாம். இஃது ஓர் உயிரணுவே உடலாகக் கொண்டது. 1 மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 200 ஈஸ்டுகளை வரிசையாக நிறுத்தலாம். தாயணுவின் புறத்தே சிறு மொட்டொன்று தோன்றி, வளர்ந்து, மகளணுவாகப் பிரிந்துபோகும். போதிய உணவும் 30 டிகிரி வெப்பமும் வாய்ப்பின் ஏறத்தாழ 90 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். திங்கட்கிழமை காலையில் கடற்பாசிக் கூழ் உறைந்த தட்டில் இட்ட ஓரணு, புதன்கிழமை மாலையில் கண்ணுக்குத் தெரியும் வெண்புள்ளியாகக் குடும்பம் பெருகி நிற்கும். யானையை ஆராய்பவர் ஒரு தலைமுறையைக் காணப் பல்லாண்டு காத்திருத்தல் வேண்டும். ஈஸ்டை ஆராய்பவர் ஒரு நாளிலே பத்துக்கு மேற்பட்ட தலைமுறைகளைக் காண்பர்.

உயிர் இரசாயனம் என்னும் சாத்திரமே ஈஸ்டின் வயிற்றிற் பிறந்தது எனலாம். 1897-ஆம் ஆண்டில் எடுவர்ட் பூக்னர் என்னும் ஜெர்மானியர் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிரணு ஒன்றேனும் இல்லாத சாற்றினைப் பெற்றார். அச்சாற்றிற் சர்க்கரையைக் கலந்தபோது, உயிருள்ள ஈஸ்டு செய்வது போலவே அது சாராயத்தையும் கரியமிலவாயுவையும் உண்டாக்கிற்று. உயிரின் தொழில்களுக்கு உயிர்ச்சக்தி என்றொரு தனிப்பொருள் வேண்டும் என்ற நெடுநாளைய கொள்கை அன்று ஆட்டங் கண்டது. பூக்னர் 1907-இல் நோபெல் பரிசு பெற்றார். உயிரணுவின் தொழில்களை விரைவுபடுத்தும் பொருள்களுக்கு வழங்கும் என்சைம் என்ற பெயரும், கிரேக்க மொழியில் ‘ஈஸ்டினுள்’ என்னும் பொருளுடையதாய், 1877-இல் கூனே என்பவரால் இடப்பட்டதேயாம்.

இனி, இவ்வணுவின் உட்கட்டு நம் உடலணுவின் உட்கட்டினைப் பெரிதும் ஒத்தது. பாக்டீரியாவில் இல்லாத உட்கரு இதில் உண்டு. அதனுள் 16 குரோமோசோம்களில், ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் எழுத்துக்களால், ஏறத்தாழ 6,000 மரபணுக்கள் எழுதப்பட்டுள்ளன. உட்கருவுடைய உயிர்களுள் முதன்முதல் முற்றும் படிக்கப்பட்ட ஏடு இதுவே. 1996-இல் அவ்வேலை நிறைவேறியபோது, அதில் ஈடுபட்டோர் 600-க்கு மேற்பட்டவர்; அவர்களுடைய ஆராய்ச்சிச்சாலைகள் ஏறத்தாழ 100. அவருட் சிலர் பெயரே உலகறியும், ஏனையோர் எம்போன்றார்.

எமது கைவேலையுள் எமக்கு மிக உவப்பான ஒன்றினை இங்கே விரித்துரைப்பாம். ஈஸ்டை நைட்ரஜன் உணவின்றிப் பட்டினி போட்டால், இரட்டை மரபுத்தொகுதி உடைய அணு நான்கு வித்துக்களாகத் தன்னைப் பகுத்துக்கொண்டு ஒரு பைக்குள் ஒடுங்கும். அப்பையின் சுவரை என்சைம் ஒன்றினாற் கரைத்து, நுண்ணோக்கியின் கீழ், மயிரினும் நுண்ணிய கண்ணாடி ஊசியால் நான்கு வித்துக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தல் வேண்டும். மூச்சுச் சிறிது வேகமாயினும் கை தவறும். ஒரு மரபணுவின் இரு பிரதிகளுள் ஒன்றை முன்னரே நீக்கியிருந்தோமாயின், நான்கு வித்துக்களுள் இரண்டு அம்மரபணுவைப் பெறும், இரண்டு பெறா. மூன்றாம் நாள் தட்டினைப் பார்த்தால், ஒவ்வொரு வரிசையிலும் இரண்டே குடும்பங்கள் தழைத்து, மற்றை இரண்டிடம் வெறுமையாயிருக்குமாயின், அம்மரபணு இன்றி உயிர்வாழ்தல் இயலாது என்பது தெளிவாம். இருபது வரிசையிலும் இரண்டிரண்டாய் நிற்கும் அவ்வொழுங்கினைக் கண்ட காலையில் எமக்கு உண்டான மகிழ்ச்சி, சம்பளம் உயர்ந்த காலையிலும் உண்டானதில்லை.

யாம் ஆராய்ந்த பொருள் ஈஸ்டு வெப்பத்தைத் தாங்கும் வகை. 30 டிகிரியில் வளர்ந்த ஈஸ்டைத் திடீரென 50 டிகிரியில் இட்டால் சில நிமிடங்களில் மிகப்பல மடிந்துபோகும். அதனையே முதலிற் சிறிது நேரம் 37 டிகிரியிற் பழக்கிப் பின்னர் 50 டிகிரியில் இட்டால் அவற்றுட் பல பிழைக்கும். இத்தாங்குதலுக்கு ஹெச்.எஸ்.பி. 104 என்னும் புரதம் இன்றியமையாதது என்பதனை 1990-இல் சூசன் லிண்ட்குவிஸ்ட் அம்மையாரின் ஆராய்ச்சிச்சாலையார் வெளியிட்டனர். வெப்பத்தாற் புரதங்கள் மடிப்புக் குலைந்து, சிக்குண்ட நூற்கண்டு போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்புரதமோ ஆறு துண்டுகள் கூடி வளையமாய் அமைந்து, சிக்குண்ட இழையைத் தன் நடுத்துளை வழியே இழுத்துச் சிக்கெடுக்கும். வேறு துணைப்புரதங்கள் அவ்விழையைத் திரும்ப முறையாக மடிக்க உதவும். விலங்கினங்களிடத்து இப்புரதம் இல்லை. ஈஸ்டினிடத்தும் செடிகொடிகளிடத்தும் இதுவும் இதன் இனமும் உண்டு. மக்களுக்கு வரும் நரம்பு நோய்கள் சிலவற்றிலும் புரதங்கள் இவ்வாறே சிக்குண்டு திரளுதலின், சிக்கெடுக்கும் முறையை அறிதல் வீண்முயற்சியன்று.

முதல் மூன்றாண்டுகள் ஜெர்மனி தேசத்தில் இப்புரதத்தையும் இதன் துணைவர்களையும் தூய்மை செய்யும் வேலையில் ஈடுபட்டோம். 10 லிட்டர் ஈஸ்டுக் கஷாயம் வளர்த்து, அணுக்களைத் திரட்டி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பொடியாக அரைத்து, சாறெடுத்து, அச்சாற்றினைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்த பொருள்களினூடே துளித்துளியாக வடித்தல் வேண்டும். புரதம் கெடாதிருக்க இவையாவும் 4 டிகிரிக் குளிரறையில் நடைபெறும். வெயிலிற் பிறந்து வளர்ந்த யாம், வெப்பத்தைத் தாங்கும் வகையை ஆராயும்பொருட்டுக் கம்பளிச் சட்டையும் குல்லாயும் அணிந்து, விடியுமளவும் குளிரில் நின்ற நகைச்சுவையை நினைந்து பலகாலும் சிரித்ததுண்டு. பின்னர் ஐந்தாண்டுகளாக ஸ்காட்லாந்து தேசத்தில் அதே புரதத்தை மரபணு வழியாக ஆராய்ந்து வருகின்றோம்.

இனிப் பின்னைய வினாவுக்கு வருவாம். இத்தொழிலால் விளைவது யாது? அதன் விலையை மறையாது கூறுதல் இளைஞர்க்கு யாம் செய்யும் கடமையாகும். ஜெர்மனியில் இரண்டரை ஆண்டு உழைத்துக் கண்ட முடிவினைக் கட்டுரையாக எழுதி முடிக்கும் தறுவாயில், கடலுக்கு அப்பாலிருந்த வேறோர் ஆராய்ச்சிச்சாலையார் அம்முடிவினையே வெளியிட்டுவிட்டனர். அவர்மேற் குற்றமொன்றும் இல்லை. அவரும் எம்மைப் போலக் குளிரில் நின்றவரே. எமது கட்டுரை பின்னர்ச் சிறியதோர் இதழிற் சிறியதாக வெளிவந்தது. உண்மை எவர் கையால் வெளிப்படினும் உண்மையே. எனினும் அடுத்த உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும்பொழுது, முந்தினவன் பெயரையே உலகம் வாசிக்கின்றது.

எமது ஒப்பந்தம் இவ்வெட்டாண்டுகளில் ஆறு முறை புதுப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும், பணம் கிடைக்குமோ கிடையாதோ என்று சில மாதம் கவலையிற் கழியும். குடியிருக்கும் வீடும், அந்நாட்டில் தங்கும் அனுமதியும் அவ்வொரு காகிதத்தையே பற்றி நின்றன. எம் அன்னையார்க்குக் கண்புரை சிகிச்சை நடந்தபோது, எமது கடவுச்சீட்டு அனுமதி புதுப்பிக்கும் அலுவலகம் ஒன்றில் இருந்தமையால் யாம் ஊர் வர இயலவில்லை. தொலைபேசியில் யாம் வருந்தினோம். “என்னைப் பார்க்க உன் தங்கை இருக்கிறாள், உன் ஈஸ்டைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?” என்று அவர் எமக்கு ஆறுதல் கூறினார். அச்சொல்லிலிருந்த அன்பும், அதனுள் மறைந்திருந்த தனிமையும் எம் நெஞ்சைவிட்டு இன்னும் அகலவில்லை.

இவ்விடைநிலை வாழ்வு எமக்கு மட்டும் உரியதன்று. பெரியோர் பலர் கடந்துபோன பாதையே இது. பஞ்சாப் மாகாணத்தில், ஏறத்தாழ 100 பேர் வாழ்ந்த ராய்ப்பூர் என்னும் சிற்றூரிற் பிறந்த ஹர் கோவிந்த் குரானா, 1948-இல் லிவர்ப்பூலில் டாக்டர் பட்டம் பெற்ற பின்னர், சூரிச்சு நகரத்தில் பிரெலாக் என்னும் பேராசிரியரிடம் ஏறத்தாழ ஓராண்டு சம்பளமின்றியே ஆராய்ச்சி செய்தார். நாடு திரும்பியபோது அவர்க்குத் தக்க உத்தியோகம் வாய்க்கவில்லை. மீண்டும் கடல் கடந்து கேம்பிரிட்ஜ் சென்றார். பிற்காலத்தில், ராபர்ட் ஹாலி என்பவர் ஏறத்தாழ 140 கிலோகிராம் ரொட்டி ஈஸ்டினின்று 1 கிராம் அளவே பிரித்தெடுத்து 1965-இல் அமைப்புக் கண்ட ஆர்.என்.ஏ. ஒன்றற்குரிய மரபணுவைக் குரானா தம் குழுவினரோடு இரசாயன முறையால் ஆக்கி 1970-இல் அறிவித்தார். அவ்விருவரும் நிரன்பர்க்கு என்பாரும் 1968-இல் நோபெல் பரிசினைப் பகிர்ந்துகொண்டவர்.

ஜப்பானியராகிய யோஷினோரி ஓசுமி 1974 முதல் 1977 வரை நியூயார்க்கு ராக்கபெல்லர் சர்வகலாசாலையில் எம் போன்ற இடைநிலை ஆராய்ச்சியாளராயிருந்தார். எலியின் கருவைப் பற்றிய ஆராய்ச்சி அவர்க்குக் கைகூடாமையால், ஆங்கே ஈஸ்டின்பாற் சென்றார். அவர் தமக்கெனச் சிறியதோர் ஆராய்ச்சிச்சாலை பெற்றது 1988-இல், 43-ஆம் வயதில். பிறர் குப்பைத்தொட்டி என்று பொருட்படுத்தாதிருந்த ஈஸ்டின் உட்பையை நுண்ணோக்கியில் நோக்கியிருந்து, பட்டினி கிடக்கும் உயிரணு தன் உறுப்புக்களையே சிறிது சிறிதாக உண்டு பிழைக்கும் செயலைக் கண்டு 1992-இல் வெளியிட்டார். அதற்கு வேண்டிய மரபணுக்கள் பதினைந்தனை மறு ஆண்டே தேடிக் கண்டார். அவர் நோபெல் பரிசு பெற்றது 2016-இல்.

யாம் வாழும் ஸ்காட்லாந்திலே, எடின்பரோ சர்வகலாசாலையில், 1970-களில் மிச்சிசன் என்னும் பேராசிரியரிடம் இருந்த பால் நர்ஸ், உரிய அளவுக்குமுன் பிரிந்து குள்ளமாகும் ஈஸ்டுகளைத் தேடினார். பூஞ்சை படிந்த தட்டொன்றை ஒருநாள் குப்பையில் எறிந்தவர், மனங்கேளாது திரும்பி வந்து அதனை எடுத்து ஆராய்ந்தார். உயிரணு எப்பொழுது இரண்டாகப் பிரிவது என்பதனைக் கட்டியாளும் மரபணு அதனால் விளங்கிற்று. அம்மரபணு பழுதுற்ற ஈஸ்டில் மனிதனது மரபணுவைப் புகுத்தினால் ஈஸ்டு பிழைத்துக்கொள்ளும் என்பதனை அவரும் மெலனி லீ அம்மையாரும் 1987-இல் மெய்ப்பித்தனர். மனிதனும் ஈஸ்டும் உறவினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆயினும், மாணவ நண்பர்காள், இப்பெரியோர் வரலாறுகளை மட்டும் படித்து இத்தொழிலை மதிப்பிடற்க. இவர்கள் கரை சேர்ந்தவர்கள். இவர்களோடு அதே ஆண்டில், அதே விடாமுயற்சியோடு குளிரறையில் நின்றோர் எத்துணையோ பேர். இடைநிலை ஆராய்ச்சியாளருட் பேராசிரியராவோர் சிலரே. ‘பொறுத்தார் பூமியாள்வார்’ என்பது பழமொழி. பொறுத்தார் எல்லாரும் ஆராய்ச்சிச்சாலை ஆள்வார் என்று அது கூறவில்லை. ஆகவே, ‘பின்னே ஒரு பதவி வரும், அதன்பொருட்டு இவ்வாண்டுகளைக் கழிப்போம்’ என்று இவ்வழிப் புகுபவர், பதவி வாராதொழியின் அத்தனை ஆண்டுகளையும் இழந்தவராவர்.

எம் அனுபவம் வேறொன்றனைக் கற்பித்தது. ஆராய்ச்சித் தொழிலில், கற்ற அறிவும் கைத்திறனும் ஒருங்கே நிறைந்து, நாள் முழுதும் தம் கையாலே வேலை செய்யும் காலம் இவ்விடைக்காலமே. மாணவர்க்கு அறிவு நிரம்பவில்லை. பேராசிரியர்க்கோ நேரம் இல்லை. பேராசிரியர் பணம் வேண்டி விண்ணப்பம் எழுதுவதிலும், கூட்டங்களிலும் நாளைச் செலவிடுவர். கண்ணாடி ஊசியை அவர் கை மறந்து பல்லாண்டாயிருக்கும். எம் பேராசிரியர் ஒருநாள் மாலையில் எம் அருகே வந்து, நுண்ணோக்கியிற் சிறிது நேரம் நோக்கியிருந்து, “உம்மைக் கண்டு பொறாமைப்படுகிறேன்” என்றார். அதனை உபசாரவார்த்தை என்று யாம் கருதவில்லை. வழியைச் சத்திரமென்றெண்ணி வண்டிக்குக் காத்துக் கிடப்பவர்க்கு அது துன்பம். நடப்பதிலே இன்பங் காண்பவர்க்கு அதுவே பயன். ஆனால் வழியையே ஊரென்று கருதிக் குடியேறிவிடுதலும் தகாது. நடந்தது போதும் என்று அறியும் நாளும் ஒன்று உண்டு.

எமக்கு அந்நாள் வந்துவிட்டது. மூன்றாண்டுகளில் 31 இடங்களுக்கு விண்ணப்பித்தோம், நான்கு இடத்தார் நேரில் அழைத்துக் கண்டனர், ஒன்றும் கைகூடவில்லை. இவ்வாண்டு, இன்னும் ஓராண்டுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதாக எம் பேராசிரியர் அன்புடன் கூறினார். அதே வாரத்தில், நம் நாட்டிலுள்ள சிறு கல்லூரி ஒன்று எம்மை ஆசிரியராக ஏற்பதாக எழுதிற்று. அங்கே திரவ நைட்ரஜன் இல்லை. மைனஸ் 80 டிகிரிப் பெட்டி இல்லை. நல்ல நுண்ணோக்கி ஒன்றே உளது. இருவாரம் உறக்கமின்றி எண்ணியபின், கல்லூரியின் அழைப்பினையே ஏற்றோம். ஹெச்.எஸ்.பி. 104 இன்னும் எமக்குச் சொல்லாத செய்தி பல. அவற்றை வேறொருவர் கேட்டறிவர். அதனை எண்ணுங்கால் வருத்தம் இல்லை என்பது பொய்யாகும். எனினும் கடைவீதியில் பொட்டலமாக விற்கும் ரொட்டி ஈஸ்டும், யாம் எட்டாண்டு பழகிய ஈஸ்டும் ஒரே இனத்தவை. எங்குச் செல்லினும் எம் ஆசிரியர் எமக்கு முன்னரே அங்குச் சென்றிருப்பார்.

இறுதியாக, இவ்வழியில் வர விரும்பும் மாணவர்க்குச் சில கூறி முடிப்பாம். உமக்கு வாய்க்கும் பேராசிரியரின் புகழை மட்டும் பாராமல், அவரிடம் முன்னர் இருந்தோர் இன்று எங்கே உளர் என்று வினவுக. இத்துணை ஆண்டு என்று ஓர் எல்லையைப் புறப்படுமுன்னரே வகுத்துக்கொள்க. அவ்வெல்லையை வீட்டாரிடமும் கூறுக. ஒவ்வொரு நாளும் செய்ததனை ஒளியாது குறிப்பேட்டில் எழுதுக. பயன்படாததென்று எறிந்த தட்டு நாளை பேசுதலும் கூடும். எல்லாவற்றினும் முதலாக, அன்றாட வேலையே உமக்கு இனிக்கின்றதா என்று சோதித்தறிக. சோதனை எளிது. சிறிது ரொட்டி ஈஸ்டை வெதுவெதுப்பான சர்க்கரை நீரிலிட்டு, ஒரு துளியை நம் கல்லூரி நுண்ணோக்கியில் வைத்து நோக்குக. தாயணுவின் புறத்தே மொட்டரும்புவதனைக் காண ஒரு மணி நேரம் அசையாதிருத்தல் வேண்டும். அவ்வொரு மணி நேரம் உமக்கு நீண்டதாகத் தோன்றின், வேறு நல்ல தொழில்கள் பல உள. குறுகியதாகத் தோன்றின், அன்பரீர், வருக. வழி கரடுமுரடாயினும் துணைக்கு ஆட்கள் உண்டு.